மார்ச் மாதத்துக் காசு எங்கே போக வேண்டும்: ரயருக்கா, பேஸ்மென்டுக்கா?

ரொறன்ரோப் பக்கம் வீடு வைத்திருக்கிறவர்களின் தலைக்குள் பெப்ரவரி கடைசியில் ஒரு கணக்கு ஓடும். கையில் இருப்பது இரண்டாயிரமோ மூவாயிரமோ டொலர். வின்டர் ரயர் தேய்ந்துவிட்டது. பேஸ்மென்டில், அதாவது வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில், நிலத்தடித் தண்ணீரை வெளியே தள்ள வைத்திருக்கும் சம்ப் பம்ப் வீட்டை வாங்கும்போதே பழசு. காப்புறுதிப் புதுப்பிப்புக் கடிதமும் வந்து கிடக்கிறது; அதில் தண்ணீர் என்று தொடங்கும் இரண்டு மூன்று வரிகளுக்குப் பக்கத்தில் தனித்தனி விலை போட்டிருக்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே வருடத்தில் செய்ய முடியாது.

என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். காப்புறுதி முதலில். கூரைத் தண்ணீரை வீட்டை விட்டுத் தூரத் தள்ளுவது அடுத்தது. அப்புறம்தான் சாக்கடைத் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வும், சம்ப் பம்பும். ரயர் இந்த வரிசையில் எங்கே வரும் என்பது நீங்கள் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இங்கே நாங்கள் பெரும்பாலும் மைனஸ் இருபதை மனதில் வைத்துத்தான் சாமான் வாங்குகிறோம். மார்ச், ஏப்ரலில் ஆபத்து பூச்சியத்தைச் சுற்றியே நடக்கிறது. பகலில் நான்கு பாகை, இரவில் மைனஸ் மூன்று. பகலில் உருகியது இரவில் ரோட்டில் கண்ணாடியாக உறையும். நிலம் இன்னும் உறைந்தே கிடப்பதால் உருகிய பனியையும் மழையையும் உறிஞ்சாது. மாரி முழுக்க அமுங்கி இறுகிப்போன பனியில், முழங்கால் அளவுக்குக்கூட இல்லாத ஒரு 30 சென்ரிமீற்றருக்குள், 100 மில்லிமீற்றர் மழைக்குச் சமமான தண்ணீர் இருக்கலாம். அதன் மேல் ஒரு நல்ல மழை பெய்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும். ஆகவே வெள்ளமும் ஐஸும் இரண்டு வெவ்வேறு பிரச்சினைகள் இல்லை. பலமுறை ஒரே கிழமையில், சிலவேளை ஒரே நாளில் வரும்.

மின்சாரமும் அந்த நேரம் பார்த்துத்தான் போகும். 2018 ஏப்ரல் 14, 15இல் தெற்கு ஒன்ராறியோவில் உறைமழை பெய்தது. 2023 ஏப்ரல் 5இல் மொன்றியல் பக்கம் அடித்த ஐஸ் புயலில் கியூபெக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. 2025 மார்ச் கடைசியில் ஒரிலியா, பீற்றர்பரோ பக்கம் மரங்களும் கம்பிகளும் விழுந்து, சில வீடுகள் ஒரு வாரத்துக்கும் மேல் இருட்டில் கிடந்தன. மூன்றுமே, குளிர்காலம் முடிந்துவிட்டது என்று ஆட்கள் சப்பாத்தை உள்ளே எடுத்து வைக்கிற காலத்தில் வந்தவை.

பேஸ்மென்டில் இருந்து தொடங்குவோம். அங்கேதான் எங்கள் ஆட்களின் காசு அதிகம் கிடக்கிறது. முடித்த பேஸ்மென்ட், அதில் ஒரு சமையலறை, ஒரு குளியலறை, வாடகைக்கு ஒரு குடும்பம் அல்லது படிக்க வந்த பிள்ளைகள். மோட்கேஜில் ஒரு பகுதியை அந்த வாடகைதான் கட்டுகிறது. தண்ணீர் ஏறினால் தரையும் சுவரும் மட்டும் போகாது, வருமானமும் நிற்கும்.

முதலில் உங்கள் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று பாருங்கள். ஒட்டாவா ஆற்றோரத்தில் 2017இலும் 2019இலும் வந்தது ஆறு பெருகிய வெள்ளம். 2019 ஏப்ரலில் ஒட்டாவா நகரம் அவசரநிலையை அறிவித்தது. இராணுவம் வந்து மணல் மூட்டை அடுக்கியது. அதே மாதம் 27ஆம் திகதி மொன்றியலுக்கு மேற்கே சென்ட்-மார்த்-சூர்-லெ-லாக்கில் அணை உடைந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரே இரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். அந்த மாதிரி இடத்தில் பம்பும் வால்வும் ஒரு கணக்கிலேயே வராது. வீடு வாங்குமுன் வெள்ளச் சமவெளி வரைபடத்தைப் பார்ப்பதுதான் அங்கே ஒரே நல்ல முடிவு. ரொறன்ரோ வட்டாரத்தில் அந்த வரைபடம் ரொறன்ரோ வட்டாரப் பாதுகாப்பு ஆணையத்திடம் இருக்கிறது. 1954இல் ஹேசல் சூறாவளி 81 பேரைக் கொன்ற பிறகு, 1957இல் உருவான அமைப்பு அது. வெள்ள அறிவித்தல் தருவதும் அவர்கள்தான். அறிவித்தலில் கண்காணிப்பு என்றால் ஆயத்தமாகு என்று அர்த்தம், எச்சரிக்கை என்றால் வெள்ளம் வருகிறது அல்லது வந்துவிட்டது. இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் ஒரே மாதிரி ஸ்க்ரோல் செய்துவிட்டுப் போகிறோம்.

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸில் மேட்டில் இருக்கும் சாதாரண வீட்டுக்கு ஆறு வராது. அங்கே தண்ணீர் இரண்டு வழியில் வரும்: சாக்கடைக் குழாய் நிறைந்து தரை ஓட்டையால் மேலே கொப்பளிக்கும், அல்லது அத்திவாரத்தைச் சுற்றித் தேங்கிய தண்ணீர் சுவரால் ஊறும். இந்த இரண்டுக்கும் மருந்து வேறு. ஆட்கள் மாற்றி வாங்குவதும் இதில்தான்.

காப்புறுதியை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், அதற்கு ஒரு ஃபோன் போதும், தோண்டத் தேவையில்லை, வருடச் செலவும் மற்றதோடு பார்த்தால் சிறியது. ஆனால் புரோக்கரிடம் "வெள்ளத்துக்கு கவர் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டு, "ஓம், இருக்கு" என்ற பதிலோடு ஃபோனை வைத்துவிடாதீர்கள். சாக்கடை பின்னேறுவதற்கு ஒரு சேர்க்கை, அதாவது கூடுதல் காசு கட்டிப் பொலிசியோடு சேர்க்கும் பகுதி. நிலத்துக்கு மேலால் வரும் வெள்ளத்துக்கு இன்னொரு சேர்க்கை. கனடாவில் சாதாரண வீட்டுக்காரருக்கு இது கிடைக்கத் தொடங்கியதே 2015இல்தான், அதற்கு முந்திய பழைய பொலிசியை அப்படியே புதுப்பித்து வருகிறவர்கள் ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. மூன்றாவது, சுவர் வெடிப்பால் மெல்ல மெல்ல ஊறுவது. அதைப் பெரும்பாலான பொலிசிகள் பராமரிப்புக் குறை என்று சொல்லி ஒதுக்கிவிடும். அப்புறம் உச்சவரம்பு. மலிவான சேர்க்கையில் 10,000 டொலர் என்று இருக்கும். சமையலறை, குளியலறையோடு முடித்த பேஸ்மென்டைத் திருப்பிக் கட்ட அது காணாது. மாதத்துக்குச் சில டொலர் கூடக் கட்டி வரம்பை உயர்த்துவது, நான் பார்த்த வரையில், இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றையும் விடப் பெறுமதியான செலவு.

அரசு தரும் என்று நம்பியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒன்ராறியோவின் அனர்த்த உதவித் திட்டம் ஒவ்வொரு மழைக்கும் திறக்கப்படுவதில்லை. திறந்தாலும், சாக்கடை பின்னேறிய சேதம் குறைந்த வருமானக்காரரைத் தவிர மற்றவர்களுக்கு அதில் அடங்காது.

பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருந்தால் இரண்டு விடயம். வாடகைக்கு ஆள் இருப்பதைக் காப்புறுதிக்காரருக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டு, சேதம் வந்த பிறகு அவர்கள் கண்டுபிடித்தால், கட்டிய காசெல்லாம் வீண். மற்றது, உங்கள் பொலிசி கீழே இருப்பவர்களின் கட்டிலையும் லப்ரொப்பையும் காப்பாற்றாது. அவர்களுக்கு வாடகையாளர் காப்புறுதி வேண்டும், அதிலும் சாக்கடைச் சேர்க்கையோடு. புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும்.

இனி வால்வா, பம்பா? சாக்கடை கொப்பளித்த தெருவென்றால் பின்னேறல் தடுப்பு வால்வு. வீட்டிலிருந்து வெளியே போகும் கழிவுக் குழாயில் பேஸ்மென்ட் தரையை உடைத்துப் பொருத்துவார்கள். தெருக் குழாய் நிறைந்து தண்ணீர் திரும்பி வரும்போது உள்ளே இருக்கும் கதவு மிதந்து மூடிக்கொள்ளும். நல்ல சாமான்தான், ஆனால் அதன் குணம் தெரிந்திருக்க வேண்டும். கதவு மூடியிருக்கும் நேரம் வெளித்தண்ணீர் உள்ளே வராது, உள்தண்ணீரும் வெளியே போகாது. வெளியே கொட்டும் மழை, மேல்மாடியில் ஒருவர் ஆறுதலாகக் குளிக்கிறார், இன்னொருவர் வோஷிங் மெஷினைப் போட்டுவிட்டார் என்றால், அந்தத் தண்ணீர் முழுக்கக் கீழே இருக்கும் தரை ஓட்டையால்தான் வெளியே வரும். வால்வு போட்ட வீட்டில் பெருமழை நேரம் குளியல், உடுப்புத் தோய்ப்பு எல்லாம் தடை என்று எல்லோருக்கும் சொல்லிவைக்க வேண்டும், கீழே இருப்பவர்களுக்கும் சேர்த்து. கூரையில் இருந்து இறங்கும் குழாய் இன்னும் சாக்கடையோடு பொருத்தியிருந்தால் இன்னும் மோசம்: கூரை முழுக்க விழும் மழை மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் வந்து சேரும்.

சம்ப் பம்ப் வேறு வேலைக்கு. அத்திவாரத்தைச் சுற்றிய வடிகுழாயில் சேரும் நிலத்தடித் தண்ணீரை ஒரு குழியில் இறக்கி வெளியே தள்ளுவது அது. சாக்கடை கொப்பளிப்பதை அது தடுக்காது. குழியே இல்லாத பழைய பங்களாவில் புதிதாகத் தோண்டிப் போடுவதென்றால் செலவு சில ஆயிரத்தைத் தொடும். ஏற்கெனவே குழி இருக்கிற வீட்டில் கேள்வி வேறு: பெரிய பம்பா, பற்றறியா? கடையில் குதிரைவலு கூடிய பம்பைத்தான் காட்டுவார்கள். நான் பற்றறிப் பக்கம். மேலே சொன்ன மூன்று ஐஸ் புயலிலும் பம்புக்குத் தேவைப்பட்டது மின்சாரம், பலம் இல்லை. ஆயிரம் டொலர் பம்பை வாங்கிவிட்டுப் பற்றறிக்குக் கணக்குப் பார்ப்பது யானை வாங்கி அங்குசத்துக்கு அழுத கதை.

பற்றறிக்கும் எல்லை உண்டு. விடாமல் ஓடினால் சில மணித்தியாலம், விட்டுவிட்டு ஓடினால் ஒன்றிரண்டு நாள். ஒரு வாரம் மின்சாரம் இல்லாத ஒரிலியாவுக்கு அது போதாது. நகரக் குழாய்த் தண்ணீரின் அழுத்தத்தில் ஓடும் மாற்றுப் பம்பும் உண்டு. ஒரு லீற்றர் குழாய்த் தண்ணீரைச் செலவழித்து இரண்டு லீற்றர் அளவில் வெளியே தள்ளும். பற்றறி தேவையில்லை என்பது அதன் நன்மை. கிணற்றுத் தண்ணீர் வீட்டுக்கு உதவாது, சில நகரசபைகள் அனுமதிப்பதும் இல்லை. ஜெனரேற்றர் என்றால் வெளியே, யன்னலுக்குத் தூரத்தில். கராஜ் கதவைத் திறந்துவைத்து உள்ளே ஓடவிடுவது காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு வீட்டுக் கதவைத் திறந்துவிடுவதுதான்.

எதை வாங்கினாலும், இருக்கிற பம்பை மார்ச் முதல் வாரத்தில் சோதித்துப் பாருங்கள். மூடியைத் தூக்கி டோர்ச் அடித்தால் மிதவை குழியின் சுவரில் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருப்பது தெரியலாம். அப்படி இருந்தால் தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் பம்ப் ஓடாது. ஒரு வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். மிதவை எழும்ப வேண்டும், பம்ப் உறும வேண்டும், அடியில் கொஞ்சம் மிச்சமிருக்க நிற்க வேண்டும். பிறகு வெளியே போய் குழாய் வாயைப் பாருங்கள். அதில் ஐஸ் அடைத்திருந்தால் பம்ப் உள்ளே ஓடியும் தண்ணீர் எங்கும் போயிருக்காது.

ரொறன்ரோ நகரசபை வால்வுக்கும் பம்புக்கும் மானியம் தருகிறது. பல வருடமாகச் செலவின் 80 வீதம், வால்வுக்கு 1,250 டொலர், பம்புக்கு 1,750 டொலர் வரை என்று இருந்தது. தொகையும் நிபந்தனையும் மாறுகிறவை, ஆகவே வேலை தொடங்குமுன் நகரசபையின் 311 இலக்கத்துக்கு அடித்துக் கேளுங்கள். மார்க்கத்துக்குத் தனித் திட்டம் இருக்கிறது. உரிமம் உள்ள பிளம்பர், அனுமதிப் பத்திரம், ரசீது இல்லாமல் மானியம் இல்லை. தெரிந்த அண்ணர் கைக்காசுக்கு மலிவாகச் செய்து தருவார் என்பது இந்த வேலையில் கடைசியில் விலை கூடியதாகவே முடியும்.

இரண்டாவதாக நான் வைத்தது கூரைத் தண்ணீர். ரொறன்ரோவில் கூரைக் குழாயைச் சாக்கடையில் இருந்து பிரிப்பது கட்டாயம். பிரித்தாயிற்று, சரி, இப்போது அந்தத் தண்ணீர் எங்கே விழுகிறது? அத்திவாரத்துக்குப் பக்கத்தில் விழுந்தால் அது பேஸ்மென்டுக்குள் வர வழி தேடும். ஒரு நீட்டுக் குழாய் இருபது முப்பது டொலர். இரண்டு மீற்றர் தூரம் கொண்டுபோய், சரிவு வீட்டை விட்டு வெளியே பார்த்திருக்கும் இடத்தில் விடுங்கள். ஆனால் டிரைவ்வே பக்கமோ நடைபாதைப் பக்கமோ திருப்பாதீர்கள். பகல் முழுக்க அந்த வாயால் வடிந்தது இரவில் மெல்லிய ஐஸ் தகடாகப் பரவும். காலையில் அதன் மேல் பொடிப்பனி விழுந்தால் கண்ணுக்கே தெரியாது. பம்பின் வெளிக்குழாய்க்கும் இதே கதைதான். பேஸ்மென்டைக் காப்பாற்றப் போய்த் தபால்காரரின் இடுப்பை உடைக்கிற வேலை இது. ஒன்ராறியோவில் வாடகை வீட்டின் பனியையும் ஐஸையும் அகற்றும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. வழுக்கி விழுந்தவர் 60 நாளுக்குள் எழுத்தில் அறிவித்தால் வழக்கும் போடலாம்.

உப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாதாரண உப்பு மைனஸ் பத்து வரை நன்றாக வேலை செய்யும். மார்ச், ஏப்ரலுக்கு அது தாராளம். விலை கூடிய கல்சியம் குளோரைட் ஜனவரிக் கடுங்குளிருக்கான சாமான். உருக்காமல் பிடிப்பு மட்டும் போதும் என்ற இடத்தில் மணல் போடுங்கள், புல்லும் பிழைக்கும், ஓடையும் பிழைக்கும்.

இனி ரயர். சாதாரண ஓல்-சீசன் ரயரின் ரப்பர் 7 பாகைக்குக் கீழே இறுகத் தொடங்கும். வின்டர் ரயரின் ரப்பர் மென்மையாகவே இருக்கும். நகத்தால் அழுத்தினால் தெரியும், மேற்பரப்பில் மயிரிழை மாதிரி வெட்டுகளும் நிறைய இருக்கும். மூன்று சிகரமுள்ள மலையும் நடுவில் பனித்துகளும் பொறித்திருந்தால் அது பனிக்கான சோதனையில் தேறியது. மூன்றாவது வகை ஓல்-வெதர்: அதே மலைச் சின்னம் இருக்கும், ஆனால் வருடம் முழுக்க ஓடலாம். பெயர் ஒரே மாதிரிக் கேட்பதால் கடையில் ஓல்-சீசனையே வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பெயரை விட்டுச் சின்னத்தைப் பாருங்கள்.

வின்டர் ரயர் ஐஸில் கூடுதலாகப் பிடிக்கும், நிறுத்தும் தூரம் குறையும். விலை, ரிம்மோடு நான்கும் சேர்த்து ஆயிரம் டொலர் அளவில் தொடங்கும். வருடத்துக்கு இருமுறை மாற்றும் கூலி, வைக்க இடம். ஓல்-வெதரில் இந்தச் செலவு இல்லை, ஆனால் கடும் ஐஸில் ஒரு படி கீழே, கோடையில் சீக்கிரம் தேயும். ஆனால் இளவேனிலுக்கு மட்டும் பார்த்தால் ஓல்-வெதருக்கு ஒரு பெரிய சாதகம்: எப்போது கழற்றுவது என்ற கேள்வியே அதற்கு இல்லை. கியூபெக் சட்டம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயரைக் கட்டாயமாக்குகிறது. அந்தத் திகதியைப் பார்த்துக் கழற்றியவர்கள்தான் 2023 ஏப்ரல் 5இல் மொன்றியல் ரோட்டில் நின்றார்கள். ஒன்ராறியோவில் அப்படிச் சட்டமே இல்லை, முதல் வெயிலுக்கே கழற்றுகிறோம்.

அதனால் என் பிரிவினை இப்படி. காலை ஐந்து மணிக்கு முதல் ஷிப்ட்டுக்குப் போகிறவர், இரவு பதினொன்றுக்குத் திரும்புகிறவர், 401 நெடுஞ்சாலையில் கிங்ஸ்டன் பக்கம் ஓடுகிறவர்: வின்டர் ரயர், ஏப்ரல் நடுப்பகுதி தாண்டும்வரை. பகலில் உருகியது மறுபடி உறைந்து, உப்பு லொறி இன்னும் வராத நேரம் உங்களுடையது. பாலங்களும் ரம்ப் வளைவுகளும் அடியிலும் குளிர்காற்றுப் படுவதால் முதலில் உறையும். இவருக்கு ரயர் காப்புறுதிக்கு அடுத்த இடத்தில், வால்வுக்கும் பம்புக்கும் முன்னால் வரும். ஒன்பது மணிக்குப் பிறகு ஸ்காபரோவுக்குள்ளேயே பிள்ளைகளை ஏற்றி இறக்கிக் கடைக்குப் போகிறவருக்கு ஓல்-வெதர் போதும். மிச்சக் காசைப் பேஸ்மென்டுக்குப் போடட்டும். வீட்டில் இரண்டு கார் என்றால் இரண்டுக்கும் ஒரே முடிவு எடுக்கத் தேவையில்லை.

பாவித்த வின்டர் ரயர் வாங்குகிறவர்கள் பக்கச் சுவரில் கடைசி நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3819 என்றால் 2019ஆம் ஆண்டு 38ஆவது வாரத்தில் செய்தது. தடத்தின் ஆழம் 4 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் பனிக்கு உதவாது, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும். 2016இல் இருந்து ஒன்ராறியோவில் எல்லாக் காப்புறுதி நிறுவனங்களும் வின்டர் ரயருக்குப் பிரீமியத்தில் தள்ளுபடி கொடுக்க வேண்டும். ஓல்-வெதருக்கும் அது செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ரயரும் தேங்கிய தண்ணீருக்குள் உதவாது. 30 சென்ரிமீற்றர் ஓடும் தண்ணீர் ஒரு சின்னக் காரை மிதக்கவைக்கும். டொன் வலி பார்க்வே நெடுஞ்சாலை வெள்ளத்தால் மூடியிருக்கிறது என்றால் சுற்றிப் போக வேண்டியதுதான்.

கார் தண்ணீரில் மூழ்கினால் காசு தருவது கொம்ப்ரிஹென்சிவ் கவர், ஐஸில் வழுக்கி மோதினால் தருவது கொலிஷன். கார் பழசாகிவிட்டது என்று பலர் இரண்டையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். கொலிஷனை வெட்டுவதில் நியாயம் இருக்கலாம், அதற்குத்தான் பிரீமியம் கூட. கொம்ப்ரிஹென்சிவுக்கு எவ்வளவு கட்டுகிறோம் என்பதைத் தனியாகக் கேட்டு, அதற்குப் பிறகு முடிவெடுங்கள். வீட்டுச் சேர்க்கைகளைப் பற்றிப் புரோக்கருக்கு அடிக்கும் அதே ஃபோனில் இதையும் கேட்டுவிடலாம். புயல் அறிவித்தல் வந்த பிறகு புதுச் சேர்க்கை போட மறுப்பார்கள், ஆகவே பெப்ரவரியிலேயே.